கண்ணுக்குள் வைக்கும் வில்லையும் கிராமத்தின் கடமையும்

(புதுக்கோட்டை மாவட்டத்தில், ஊராட்சிப் பணியில் ஈடுபட்டோரும் விவசாயப் பெருமக்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கண்மாய் மராமத்து, சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றி நாம் கூடும்போதெல்லாம் பேசுகிறோம். ஆனால், தெருவில் விளக்கு எரிந்தும் அதன் ஒளியைக் காண இயலாத முதியவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். இந்திய அரசு 2015 முதல் 2019 வரை நடத்திய தேசியக் கணக்கெடுப்பின்படி, பார்வை இழந்தோருள் ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு 66 பேருக்குக் கண்புரையே காரணமாகும். அதாவது, பார்வையற்ற மூன்று முதியவர்களுள் இருவருக்கு அறுவை சிகிச்சையால் நீக்கத்தக்க காரணமே இருந்தது. இது வருந்தத்தக்க செய்தி. அதே சமயம் நம்பிக்கையூட்டும் செய்தியுமாகும்.

இந்த மாவட்டத்துக்கு இதில் தனியான அக்கறை ஒன்று உண்டு. 1991-ஆம் ஆண்டில் இங்கே அறிவொளி இயக்கம் நடைபெற்றதை நீங்கள் அறிவீர்கள். கல் உடைத்த பெண்களும், களை பறித்த பெண்களும் பகலெல்லாம் உழைத்துவிட்டு, இரவில் எழுத்துக் கற்றார்கள். பல்லாயிரவர் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள். அன்று முப்பது வயதாயிருந்த பெண்ணுக்கு இன்று அறுபது கடந்துவிட்டது. கண்ணில் புரை விழும் பருவம் அது. அரும்பாடுபட்டுக் கற்ற எழுத்து அவருக்கு மங்கிப் போகுமானால், அந்த இழப்பு அவருக்கு மட்டும் உரியதன்று, ஊருக்கே உரியது.

புரை என்பது யாது?

கண்ணின் கருமணிக்குப் பின்னால் பளிங்கு போன்ற வில்லை ஒன்று இருக்கிறது. இளமையில் அது மென்மையாக இருக்கும். அதைச் சூழ்ந்துள்ள தசை இயங்குவதால் வில்லையின் வளைவு மாறும். அதனால்தான் ஓர் இளைஞன் தூரத்து வரப்பையும் கையிலுள்ள விதையையும் ஒரே கண்ணால் தெளிவாகக் காண்கிறான். நாற்பது வயதை அடுத்து வில்லை விறைப்படைகிறது. அருகிலுள்ள எழுத்து தெரிவதில்லை. இதனையே வெள்ளெழுத்து என்று நம் பெரியோர் வழங்கினர். இன்னும் சில ஆண்டுகள் சென்றபின், வில்லையே கலங்கிப் புகை படிந்த கண்ணாடி போலாகிறது. அதுதான் கண்புரை.

கண்ணில் பூ விழுவது வேறு. புரை விழுவது வேறு. நெல்லின் சுனையோ தோகையோ பட்டுக் கண்ணின் மேற்பரப்பில் புண்ணாகி, ஆறியபின் நிற்கும் வெள்ளைத் தழும்பே பூ. அதற்கு வேறு வைத்தியம் வேண்டும். புரையோ உள்ளே உள்ள வில்லையின் கேடு. சொட்டு மருந்தாலோ பச்சிலையாலோ அதைக் கரைக்க முடியாது. கலங்கிய வில்லையை அகற்றுவது ஒன்றே வழி.

பழைய வழியும் புதிய வழியும்

நமக்கு அண்டையிலுள்ள தஞ்சையில், இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை நடந்திருக்கிறது. அந்நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளும், அவர்களுடைய கண்களைத் தீட்டிய வண்ணப்படங்களும் சரசுவதி மகால் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. புரை நீக்கும் கலை நம் நாட்டுக்குப் புதிதன்று.

ஆனால் புரையை நீக்கினால் மட்டும் போதாது. வில்லை இல்லாத கண் ஒளியை ஒருமுகப்படுத்தாது. ஆகவே, முன்னாட்களில் முகாம்களில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு மிகத் தடித்த கண்ணாடி கொடுத்தார்கள். அதைச் ‘சோடாபுட்டிக் கண்ணாடி’ என்று ஊரார் அழைத்தனர். அதை அணிந்தவருக்குப் பொருள்கள் உள்ளதைவிடப் பெரியனவாகத் தோன்றின, ஓரங்கள் தெரியவில்லை. கிணற்றுப் படியும் வாய்க்கால் வரப்பும் இருக்குமிடம் தவறித் தெரிந்தன. கண்ணாடி உடைந்துவிட்டால் மீண்டும் இருள்தான்.

இக்குறையைத் தீர்த்தவர் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் ஹெரால்டு ரிட்லி. இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் பிளாஸ்டிக் கூரை சிதறி, அதன் துண்டுகள் விமானிகளின் கண்களில் தங்கின. அத்துண்டுகள் கண்ணைப் புண்ணாக்காமல் கிடந்ததை அவர் கவனித்தார். அத்தகைய பொருளாலேயே வில்லை செய்து, 1949 நவம்பர் 29 அன்று லண்டன் நகரின் புனித தாமசு மருத்துவமனையில் ஒரு நோயாளியின் கண்ணுள் வைத்தார். ஆயினும் அதன் வலிமைக் கணக்கு பெரிதும் பிசகியதால், நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை ஏற்பட்டது. வில்லை வைப்பது ஒரு வெற்றி. பொருத்தமான வில்லையை வைப்பது இன்னொரு வெற்றி. இந்த இரண்டாவது வெற்றிக்காகத்தான் உலகம் அன்றுமுதல் முயன்று வருகிறது.

மதுரை காட்டிய வழி

வில்லை கிடைத்தும் ஏழைக்கு அது எட்டவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த வில்லை ஒன்றின் விலை நூறு டாலர் அளவிலும் அதற்கு மேலும் இருந்தது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, 1976-ஆம் ஆண்டில் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டு வாதத்தால் விரல்கள் முறுக்கிக்கொண்டிருந்தும், அவ்விரல்களையே பழக்கி அறுவை செய்தவர் அவர். பணம் தரக்கூடியவர் தந்தால், தர இயலாதவருக்கும் அதே சிகிச்சையை அளிக்கலாம் என்பதை அம்மருத்துவமனை செய்து காட்டியது. 1992-இல் அதைச் சார்ந்து மதுரையிலேயே அரோலேப் என்னும் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது. முன்பு நூறு டாலர் கேட்ட வில்லை பத்து டாலர் அளவுக்கும், பின்னர் அதற்கும் கீழாகவும் இறங்கியது.

அரசும் சும்மா இருக்கவில்லை. 1976-இலேயே பார்வையிழப்பைத் தடுக்கும் தேசியத் திட்டம் வகுக்கப்பட்டது. 1994 முதல் 2002 வரை உலக வங்கியின் உதவியுடன் நடந்த கண்புரைத் திட்டத்தில் தமிழ்நாடும் ஒன்றாகச் சேர்ந்தது. பள்ளிக்கூடங்களிலும் கூடாரங்களிலும் அறுவை செய்த காலம் போயிற்று. இப்போது முகாமில் கண்ணைச் சோதிப்பதோடு சரி. அறுவை மருத்துவமனையிலேயே நடக்கிறது. வில்லையும் இலவசமாக வைக்கப்படுகிறது.

திருத்தியமைக்கக்கூடிய வில்லை

எந்தக் கண்ணுக்கு எந்த வில்லை என்பதை வைத்தியர் எவ்வாறு அறிகிறார்? கண்விழியின் நீளத்தையும், முன்புறத்து வளைவையும் கருவியால் அளந்து கணக்கிடுகிறார். விழியின் நீளம் சுமார் 24 மில்லிமீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், கண்ணாடியின் அளவில் ஏறக்குறைய இரண்டரைப் புள்ளி வேறுபாடு வந்துவிடும். சரியாக அளந்தாலும், அறுவைக்குப் பின் கண் ஆறுகையில் வில்லை சற்று முன்னோ பின்னோ அமைந்துவிடுவதுண்டு. வைத்த வில்லையை வெளியே எடுக்காமல் திருத்த முடியுமானால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அது இப்போது இயல்வதாகிவிட்டது. கண் மருத்துவர் டேனியல் சுவார்ட்சும், 2005-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ராபர்ட் கிரப்சும் இவ்வழியை வகுத்தார்கள். அமெரிக்க அரசு இவ்வில்லைக்கு 2017 நவம்பரில் அனுமதி அளித்தது. இது சிலிக்கோன் என்னும் நெகிழ்ந்த பொருளால் ஆனது. புற ஊதா ஒளி பட்டால் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் நுண்துகள்கள் அதில் கலந்துள்ளன. அறுவை முடிந்து மூன்று வாரம் போல் ஆனதும், நோயாளியின் பார்வையைச் சோதித்து, எவ்வளவு குறை என்று கண்டு, அக்கணக்குப்படி வில்லையின் மேல் ஒன்றிரண்டு நிமிடம் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். ஒளி பட்ட பகுதியில் துகள்கள் கோத்துக்கொள்ள, மற்றப் பகுதியிலிருந்து துகள்கள் மெல்ல அங்கே நகர்கின்றன. தண்ணீர் கட்டிய வயலில் பரம்படித்து, மேட்டு மண்ணைப் பள்ளத்துக்கு இழுப்பதை ஒப்ப, வில்லையின் வளைவு உள்ளேயே மாறுகிறது. வேண்டிய பார்வை கிடைத்ததும் முழு வில்லைக்கும் ஒளி காட்டி நிலைப்படுத்திவிடுகிறார்கள். அதன்பின் அது மாறாது.

இதை இளமைக் கண்ணின் வில்லையோடு குழப்பிக்கொள்ளலாகாது. நிலைப்படுத்திய பிறகு, இது தூரத்துக்கும் அருகுக்குமாகத் தானே மாறிக்கொண்டிராது. தசையோடு சேர்ந்து இயங்கும் வில்லை ஒன்றும் 2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இளமைக் கண்ணின் ஆற்றலை அதனாலும் முழுமையாகத் தர இயலவில்லை.

நமக்கு இது எவ்வளவு தூரம் உதவும்? ஒளியால் திருத்தும் வில்லையை வைத்துக்கொண்டவர், அதை நிலைப்படுத்தும் வரையில், விழித்திருக்கும் நேரமெல்லாம் தனிக் கண்ணாடி அணிந்து சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிரைத் தடுக்க வேண்டும். பலமுறை மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விலையும் மிகுதி. கடலைக் கொல்லையிலும் முந்திரித் தோப்பிலும் வெயிலில் நிற்பவருக்கு இவை எளியவையல்ல. விஞ்ஞானம் வளர வளர இத்தடைகள் குறையலாம். ஆனால், ‘புதிய வில்லை வரட்டும்’ என்று ஒருவர் காத்திருப்பாராயின், அவர் இழப்பது இன்றைய பார்வையை. இன்று இலவசமாகக் கிடைக்கும் சாதாரண வில்லையே போதிய பார்வையைத் தரும். மீதியுள்ள சிறு குறையைக் கண்ணாடி தீர்க்கும்.

புதிய வில்லையின் தத்துவத்தை மட்டும் இன்றே நாம் கைக்கொள்ளலாம். வைத்ததோடு விட்டுவிடாமல், பின்னர் சோதித்துத் திருத்த வேண்டும் என்பதே அத்தத்துவம். அறுவை நடந்த ஒரு மாதம் போல் கழித்து மறு சோதனைக்குப் போனால், எஞ்சிய குறைக்கு ஏற்ற கண்ணாடி கிடைக்கும். அறுவைக்கு முன்பே, தாம் செய்யும் தொழிலையும் நோயாளி வைத்தியரிடம் சொல்ல வேண்டும். ஆடு மேய்ப்பவருக்குத் தூரப் பார்வை வேண்டும். பூக்கட்டுபவருக்கும் தையல் தைப்பவருக்கும் கிட்டப் பார்வை வேண்டும். அதை அறிந்தால் வைத்தியர் தக்க வில்லையைத் தேர்ந்தெடுக்க வழியுண்டு.

ஊர் செய்ய வேண்டியவை

முதலாவது, ‘புரை முற்றட்டும்’ என்னும் எண்ணத்தை ஒழிக்க வேண்டும். அது பழைய அறுவை முறைக்கு ஏற்ற சொல். முற்ற விட்டால் வில்லை வீங்கிக் கண்ணின் அழுத்தம் ஏறி, பார்வை நிலையாகவே போய்விடக்கூடும். அன்றாட வேலைக்கு இடையூறு என்று தோன்றியதும் சோதித்துக்கொள்வதே அறிவுடைமை.

இரண்டாவது, ஐம்பது வயது கடந்தவர்களுள் பார்வை மங்கியோரின் பட்டியல் ஒன்று ஒவ்வொரு குக்கிராமத்திலும் தயாராக வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியரும் மகளிர் குழுவினரும் இதற்குத் துணை செய்வர். பட்டியலில் பெண்களின் பெயர் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘எனக்கென்ன, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்’ என்று சொல்லும் பாட்டியைத்தான் முதலில் அழைத்துச் செல்ல வேண்டும். கிராம சபை கூடும் நாளில் இப்பட்டியலைப் பற்றிக் கேளுங்கள்.

மூன்றாவது, துணைக்கு ஆள் இல்லாமையால் வீட்டிலேயே இருந்துவிடுபவர் பலர். அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்து விடும் பொறுப்பை ஊர் ஏற்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதற்சோதனை செய்துகொண்டால், மேற்கொண்டு செல்ல வேண்டிய மருத்துவமனையை அவர்கள் காட்டுவார்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் அவற்றை முன்கூட்டியே கட்டுக்குள் வைக்க வேண்டும்.

நான்காவது, அறுவைக்குப் பின்னர் வைத்தியர் சொல்லும் நாள்வரை கண்ணில் கண்மாய் நீரோ தூசியோ படலாகாது. கண்ணைக் கசக்கக்கூடாது. சொட்டு மருந்தை நிறுத்தக்கூடாது. வலியோ சிவப்போ பார்வைக் குறைவோ கண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஐந்தாவது, சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பார்வை மீண்டும் மங்கினால், ‘புரை திரும்பிவிட்டது, அறுவை வீண்’ என்று சோர்ந்துவிடாதீர்கள். புரை திரும்புவதில்லை. வில்லைக்குப் பின்னுள்ள மெல்லிய சவ்வு மங்குவதாலும் இவ்வாறு நேரும். லேசர் ஒளியால் சில நிமிடங்களில் அதைச் சரிசெய்துவிடுவார்கள்.

அன்பர்களே, கண் தெரிந்த முதியவர் குடும்பத்துக்குச் சுமையல்லர். தாமே நடந்து கடைக்குப் போவார். ஆட்டைப் பிடித்துக் கட்டுவார். அவரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் தங்கிய மருமகள் வேலைக்குச் செல்வாள். பேத்தி பள்ளிக்கூடம் போவாள். ஒரு கண்ணில் வைக்கும் சிறு வில்லை இத்தனை பேருக்குப் பயன் தருகிறது. அன்று எழுத்துக் கற்பிக்க வீடு வீடாகச் சென்ற ஊர்கள் இவை. இன்று கண்ணொளி தரவும் அவ்வாறே வீடு வீடாகச் செல்ல வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வோர் ஊரிலிருந்தும் அந்தப் பட்டியலைக் கொண்டு வாருங்கள் என்று கேட்டுக்கொண்டு, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.