ஒரு சைக்கிள், பலர் முறை

(ஆவுடையார்கோவில் ஊழியர் கூட்டத்தில் பேசியது)

ஒற்றுமையாயிருங்கள் என்று மேடையில் முழங்கினால் ஒற்றுமை வந்துவிடாது. 1991-ல் நமது புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் துவங்கியது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களிடம் கொண்டுபோனார். சைக்கிளைத் தனியே பழக முடியுமா? ஒருத்தி ஏற, இன்னொருத்தி பிடித்துக்கொண்டு பின்னால் ஓட வேண்டும். 1992 சர்வதேச மாதர் தினத்தையொட்டி 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிளில் திரண்டனர்!

சைக்கிள் ஒன்று, ஆட்கள் பலர் என்றால் தகராறும் வரும். அவர்களே முறை வைத்துக்கொள்ளட்டும். அதுதான் பாடம். குறுக்கே புகுந்து தீர்ப்புச் சொல்லும் வழக்கம் எனக்கும் உண்டு, அது தவறு.

கண்மாய்த் தண்ணீருக்காக மோதும் வாலிபர்களை, சேரி, ஊர் என்ற பேதமின்றி, கோடையிலேயே வரத்துவாரி வெட்ட ஒன்றாக இறக்குங்கள். எந்தப் பக்கம் முதலில் என்று அவர்களே பேசி முடிக்கட்டும். சத்தம் கேட்கும். பஞ்சாயத்துப் பண்ண ஓடாதீர்கள்.