உலைக்களத்தில் ஒரு முகம்



பரங்கிப்பேட்டையில் 1830ஆம் ஆண்டு ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் ஓர் இரும்பாலையை நிறுவினார். சேலத்துத் தாது அங்கே மரக்கரியால் உருக்கப்பட்டது. 1860களில் அவ்வுலை அவிந்தது. ஹீத்தின் பெயர் நூல்களில் நிற்கிறது. உலையின் வெம்மையைத் தாங்கியவர்களின் முகமோ ஊரார் நினைவில் இல்லை. தொழில் மரபு என்பது எந்திரத்தின் வரலாறு மட்டும்தானா?

இவ்வினாவிற்கு ஒளிப்படத்தால் விடை தேடியவர் சுனில் ஜனா. 1918இல் அஸ்ஸாமில் பிறந்து கல்கத்தாவில் பயின்றவர். 1943இன் வங்கப் பஞ்சத்தில் பொதுவுடைமைத் தலைவர் பி.சி. ஜோஷி, ஓவியர் சித்தப்ரசாத் ஆகியோருடன் ஊர்தோறும் சென்றார். அவர் எடுத்த படங்கள் கட்சி இதழில் வெளிவந்து, பசியின் கொடுமையை நாடறியச் செய்தன.

விடுதலைக்குப்பின் அதே கருவி உருக்காலைகளையும் நிலக்கரிச் சுரங்கங்களையும் அணைகளையும் நோக்கித் திரும்பியது. கோயிற் சிற்பங்களையும், இந்திராணி ரஹ்மான், சாந்தா ராவ் முதலிய ஆடற்கலைஞரையும், பழங்குடி மக்களையும் அவர் படமெடுத்தார். பழமை வேறு, புதுமை வேறு என அவர் பிரித்துப் பார்க்கவில்லை. ஆலைத் தொழிலாளியைத் தாழ்ந்த கோணத்திலிருந்து, வானம் பின்னணியாக, நிமிர்ந்த உருவமாய்க் காட்டினார். புதிய நாடு தன்னை எவ்வாறு காண விரும்பியதோ, அவ்வாறே அப்படங்கள் அமைந்தன.

அவற்றின் பெருமையும் குறையும் ஒன்றே. உழைப்பவனுக்கு அவை மாண்பு தந்தன. ஆனால் அம்மாண்பின் ஒளியில், அணைக்கும் ஆலைக்கும் நிலம் இழந்தவன் எளிதில் மறைந்துவிடுகிறான். பஞ்சப் படங்கள் கேட்ட கேள்வியைத் தொழிற்படங்கள் எப்போதும் கேட்பதில்லை.

இதனை உணர நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நெய்வேலி நிறுவனம் 1956இல் தோன்றியது. 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். நிலத்தடி நீரின் அழுத்தத்தோடு போராடி, 1961இல் பழுப்பு நிலக்கரி கண்டனர். அது தமிழ்நாட்டிற்கு ஒளி தந்தது. அதே பள்ளத்தில் வயல்களும் ஊர்களும் மறைந்தன. அணைகளையும் ஆலைகளையும் புதிய கோயில்கள் எனப் போற்றிய காலம் அது. தில்லையின் பொற்கூரையைப் பாடும் புலவர், கோயில் எழுப்பியோரின் கைகளையும், புதிய கோயிலுக்கு மண் கொடுத்தோரின் கண்களையும் பாட வேண்டாவா?

சுனில் ஜனா 2012இல் அமெரிக்காவின் பெர்க்கிலியில் மறைந்தார். இளமையிலேயே பார்வை குன்றியிருந்த அவர், பிறர் காண மறந்த முகங்களைக் கண்டார். பரங்கிப்பேட்டை உலைக்கு அத்தகைய சாட்சி வாய்க்கவில்லை. நெய்வேலிக்கு இன்னும் காலம் உண்டு. நிலம் இழந்தவரும் சுரங்கத்தில் இறங்கியவரும் இன்றும் அருகில் வாழ்கின்றனர். அவர்தம் முகத்தைச் சொல்லில் பதிப்பது இப்பகுதிக் கவிஞரின் கடன்.