ஈரம் எங்கே இருக்க வேண்டும்?

மழை இல்லை, காற்றில் ஈரப்பசையே இல்லை என்று விருதுநகர்ப் பக்கம் நாம் அலுத்துக்கொள்வது வழக்கம். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் பழகி வந்து சிவகாசியில் ஊன்றியபோது, அதே வறட்சிதான் கைகொடுத்தது. குச்சியும் காய வேண்டும், மருந்தும் காய வேண்டும் அல்லவா? காளானுக்கோ ஈரம் வேண்டும். அப்படியிருந்தும், 1998-ல் வந்த ஏபிகே 2 என்ற பால்காளான் ரகம் நம் மாவட்டத்து அருப்புக்கோட்டையின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. 35 டிகிரி வெப்பத்திலும் விளையும்.

வறண்ட ஊராயிற்றே என்ற பயத்தில் பலர் காளான் வளர்க்கும் வைக்கோலைச் சொட்டச் சொட்டப் பையில் அடைத்துவிடுகிறார்கள். கேடு அங்கேதான். காளான் இழைக்கும் மூச்சு உண்டு. இடுக்கெல்லாம் தண்ணீர் நின்றால் காற்று புகாது. பை புளித்து நாறும், பச்சைப் பூசணம் ஏறும்.

நறுக்கிய வைக்கோலை நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, வேகவைத்து, நிழலில் உலர்த்துகிறோம். ஒரு பிடி அள்ளி இறுக்கினால் உள்ளங்கை நனைய வேண்டும், சொட்டு விழக்கூடாது. அது ஏறக்குறைய 65 சதவீத ஈரம். ஆனால் ஆளுக்கு ஆள் பிடி மாறும். என்னைக் கேட்டால், தராசை நம்புங்கள். காய்ந்த வைக்கோல் ஒரு கிலோவில் முன்பே சுமார் 100 கிராம் தண்ணீர் இருக்கும். அந்த ஒரு கிலோ, நனைந்து உலர்ந்தபின் இரண்டரை கிலோவைச் சற்றுத் தாண்டி நின்றால் சரி. மூன்றரை காட்டினால் ஈரம் 74 சதவீதம், இன்னும் உலர்த்துங்கள். இரண்டுக்கு இறங்கினால் 55தான். இழை மெலிந்து மெதுவாக ஓடும். நம்மூர்க் காற்று மேலே மளமளவென்று காயவைத்து அடியை ஈரமாகவே விட்டுவிடும் என்பதால், புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

பை கட்டியபின் வைக்கோலுக்குத் தண்ணீர் கிடையாது. இழை முழுக்கப் பரவி, பையை இரண்டாக வெட்டி, அவித்த மண்ணை மேலே இட்டபின் தெளிப்பதெல்லாம் அந்த மண்ணுக்கும் காளான் குடிலின் காற்றுக்கும்தான். வறட்சிக்குப் பதில் சொல்ல வேண்டிய இடம் அதுவே. தரையில் மணல் பரப்பி நனையுங்கள், ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கவேண்டாம்.

அடுத்த முறை காளான் படுக்கை போடும்போது, ஊறவைப்பதற்கு முன்பே காய்ந்த வைக்கோலின் எடையைக் குறித்து வையுங்கள். நனைந்தபின் அதை அறிய வழியில்லை.