பாடசாலைக்கு அதிகாரி யார்?

(அமெரிக்க சமஷ்டி அரசும் கல்வியும் என்ற பொருள் பற்றி ஆற்றிய சொற்பொழிவு)



சமஷ்டி என்ற சொல்லை நாம் மேடைகளிலும் பத்திரிகைகளிலும் பல்லாண்டுகளாகக் கேட்டு வருகிறோம். ஆனால், சமஷ்டி ஆட்சி நிலவும் ஒரு நாட்டிலே அது அன்றாட வாழ்வில் எவ்வாறு இயங்குகிறது என்று ஆராய்ந்து பார்ப்போர் சிலரே. அதனை அறிய வேண்டுமாயின் பாடசாலையைப் பார்த்தாற் போதும். ஐந்து வயதுக் குழந்தை எதை, எந்த மொழியில், யாருடைய செலவில் கற்பது என்று முடிவு செய்பவர் எவரோ, அவரிடமே அதிகாரத்தின் வேர் இருக்கிறது. ஆகவே ஐக்கிய அமெரிக்காவின் மத்திய அரசுக்குக் கல்வித் துறையில் அந்நாட்டு அரசியல் திட்டம் விதித்துள்ள வரம்புகளை இன்று எடுத்து ஆராய்வோம்.

1787ஆம் ஆண்டில் வரையப்பெற்ற அமெரிக்க அரசியல் திட்டத்தை முதலிலிருந்து முடிவு வரை தேடினாலும் 'கல்வி' என்ற சொல் அகப்படாது. மத்திய சட்டசபையாகிய காங்கிரசின் அதிகாரங்கள் ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுக்கப்பட்டுள்ளன. வரி உண்டு, வர்த்தகம் உண்டு, நாணயம், தபால், போர் யாவும் உண்டு. பாடசாலை இல்லை. 1791இல் சேர்க்கப்பட்ட பத்தாவது திருத்தம், மத்திய அரசிடம் ஒப்படைக்கப்படாதனவும் மாநிலங்களுக்கு விலக்கப்படாதனவுமான அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியன என்று அறுதியிட்டுக் கூறியது. மத்திய அரசியல் திட்டம் மௌனஞ் சாதிக்க, ஐம்பது மாநிலங்களின் அரசியல் திட்டங்களும் பொதுக் கல்வியைப் பற்றி வாய் திறந்து பேசுகின்றன. பாடத்திட்டமும் ஆசிரியர் தகுதியும் மாநிலத்தின் பொறுப்பு. அன்றாட நிருவாகத்தை ஏறத்தாழப் பதின்மூவாயிரம் உள்ளூர்க் கல்வி வட்டாரங்கள் கவனிக்கின்றன. பாடசாலைகளுக்கு ஆகும் மொத்தச் செலவில் மத்திய அரசு கொடுப்பது பத்தில் ஒரு பங்கு அளவே.

அப்படியாயின் மத்திய அரசு கல்வியைத் திரும்பியே பார்க்கவில்லையா? பார்த்தது, ஆரம்பம் முதலே பார்த்தது. இந்த அரசியல் திட்டம் பிறப்பதற்கு முன்னரே, 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டம், மேற்கே அளந்து பிரித்த ஒவ்வோர் ஊரிலும் முப்பத்தாறு பிரிவுகளுள் பதினாறாவதைப் பொதுப் பாடசாலைக்கென ஒதுக்கியது. 1862இல் ஜனாதிபதி லிங்கன் ஒப்பமிட்ட சட்டம், காங்கிரசில் உள்ள பிரதிநிதி ஒருவருக்கு 30,000 ஏக்கர் என்ற கணக்கில் மாநிலங்களுக்கு நிலம் வழங்கி, விவசாயத்தையும் பொறியியலையும் கற்பிக்கும் கலாசாலைகள் தோன்ற வழி செய்தது. மத்திய அரசு கட்டளையிடவில்லை, கொடுத்தது. இக்கொடையிலேதான் பிற்காலத்துச் சிக்கலின் வித்து இருந்தது.

பொது நலத்தின் பொருட்டு வரி விதித்துச் செலவு செய்யும் அதிகாரம் காங்கிரசுக்கு உண்டு. அச்செலவு, எண்ணிக் கொடுக்கப்பட்ட அதிகாரங்களுக்குள் மாத்திரம் அடங்கவேண்டியதில்லை என்று 1936இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் கூறிற்று. 1957இல் சோவியத் நாட்டின் ஸ்புட்னிக் வானிலே சுழன்றது. அமெரிக்கா திடுக்கிட்டு விழித்தது. மறு ஆண்டே விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் பிறமொழிக் கல்விக்கும் மத்திய அரசின் பணம் பாயலாயிற்று. 1965இல் ஜனாதிபதி ஜோன்சன், தாம் சிறுவயதிற் படித்த இடத்திலேயே அமர்ந்து, ஏழைப் பிள்ளைகளின் பாடசாலைகளுக்கு மானியம் வழங்கும் சட்டத்தில் ஒப்பமிட்டார். அச்சட்டத்துக்குள்ளேயே ஒரு வேலியும் இடப்பட்டது. பாடத்திட்டத்திலோ, ஆசிரியர் நியமனத்திலோ, பாடநூல் தெரிவிலோ மத்திய அதிகாரிகள் கை வைக்கலாகாது என்று எழுதப்பட்டது. 1979இல் மத்திய கல்வித் திணைக்களத்தை அமைத்த சட்டமும் அதே தடையைத் திரும்பக் கூறியது.

இதுவரை சொன்னவற்றைக் கேட்டதும், மாநிலத்தின் கையில் அதிகாரம் இருந்தாற் போதும், நீதி தானே வரும் என்று நினைக்கத் தோன்றும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. தென் மாநிலங்கள் கறுப்பினக் குழந்தைகளைத் தனிப் பாடசாலைகளில் அடைத்து வைத்தபோது, அவை தூக்கிப் பிடித்த கேடயம் எது? மாநில உரிமை என்ற அதே கேடயந்தான்! 1954இல் உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் ஒருமுகமாக, நிறத்தால் பிரித்து நடத்தும் பாடசாலை சட்டத்தின் சமபாதுகாப்பை மீறுவது என்று தீர்ப்பளித்தனர். அத்தீர்ப்புக்கு ஆதாரம் 1868ஆம் ஆண்டின் பதினான்காவது திருத்தம். மூன்று ஆண்டுகளின் பின் ஆர்க்கன்சோ மாநில ஆளுநர், ஒன்பது கறுப்பின மாணவர்கள் லிட்டில் ரொக் நகரப் பாடசாலையினுள் நுழையாதபடி ஆயுதந் தாங்கிய காவற் படையை நிறுத்தினார். ஜனாதிபதி ஐசனோவர் நாட்டின் இராணுவத்தை அனுப்பி அவர்களை உள்ளே கொண்டு சேர்த்தார். வேர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் வட்டாரமோ, சேர்ந்து படிக்க விடுவதிலும் பாடசாலைகளை மூடுவதே மேல் என்று 1959 முதல் ஐந்து ஆண்டுகள் பொதுப் பாடசாலைகள் அனைத்தையும் பூட்டி வைத்தது. வெள்ளைப் பிள்ளைகள் தனியார் பாடசாலைகளுக்குச் சென்றனர்; கறுப்பினப் பிள்ளைகள் பலர் படிப்பிழந்தனர். 1964இல் நீதிமன்றமே அந்தப் பூட்டைத் திறந்தது.

இன்னுமொன்றையும் நாம் கருத வேண்டும். 1954இன் தீர்ப்புக்குப் பத்து ஆண்டுகள் கழிந்த பின்னரும் தென் மாநிலங்களிலே வெள்ளையருடன் சேர்ந்து படித்த கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு மூவர் கூட இல்லை. 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இனப் பாகுபாடு காட்டும் நிறுவனத்துக்கு மத்திய அரசின் பணம் கிடையாது என்று விதித்தது. அடுத்த ஆண்டு மானியம் பெருகியது. நீதிமன்றக் கட்டளைகளோடு பணத்தை இழக்கும் அச்சமும் சேர்ந்தபோதுதான் அடைபட்ட கதவுகள் வேகமாகத் திறந்தன. பணத்தோடு வரும் நிபந்தனை எல்லாம் தீமையென்று சொல்பவர்கள் இதனை மறத்தலாகாது.

மொழியின் கதையும் இவ்வாறே. முதலாவது உலக யுத்தத்தின் பின் நெப்ராஸ்கா மாநிலம், எட்டாம் வகுப்பைக் கடக்காத பிள்ளைக்கு ஆங்கிலந் தவிர்ந்த வாழும் மொழி எதனையும் கற்பிப்பது குற்றம் என்று சட்டம் இயற்றியது. ஜெர்மன் மொழியைக் கற்பித்த ஆசிரியர் ஒருவர் தண்டிக்கப்பட்டார். 1923இல் உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைத் தள்ளிவிட்டது. 1974இல் சான் பிரான்சிஸ்கோ நகரில், ஆங்கிலம் அறியாத 1,800 அளவான சீனப் பிள்ளைகள் எவ்வித உதவியுமின்றி வகுப்பில் வாளா இருத்தப்பட்ட வழக்கு வந்தது. எல்லார்க்கும் ஒரே நூலும் ஒரே ஆசிரியரும் கொடுத்துவிட்டோம் என்று சொல்வது சமத்துவம் ஆகாது என்று நீதிமன்றம் தீர்த்தது. விளங்காத மொழியில் நடத்தப்படும் பாடம், பாடம் மறுக்கப்பட்டதற்கு ஒப்பானதன்றோ?

எனினும் அதே நீதிமன்றம் மத்திய அதிகாரத்துக்கு எல்லையும் கீறியது. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோ நகரத்து ஏழைப் பெற்றோர், செல்வ வட்டாரத்துக்கும் தம் வட்டாரத்துக்கும் இடையிலான செலவு வேற்றுமையை எதிர்த்து வழக்காடினர். மத்திய அரசியல் திட்டம் கல்வியை அடிப்படை உரிமையாக ஆக்கவில்லை என்று 1973இல் ஐவர் சொல்ல, நால்வர் மறுக்க, அவர்கள் வழக்குத் தோற்றது. எதற்காக அமைந்த மௌனம் யாரைத் தாக்கியது பாருங்கள்! ஆனால் 1989இல் டெக்சாஸ் மாநிலத்தின் சொந்த உயர் நீதிமன்றம், மாநில அரசியல் திட்டத்தை ஆதாரமாகக் கொண்டு, அந்த நிதி முறையே செல்லாது என்றது. ஒரு வாசல் அடைபட்டபோது மற்றொரு வாசல் திறந்தது. 1995இல் பாடசாலைச் சூழலில் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்த மத்திய சட்டமும் வீழ்ந்தது. நோக்கம் நல்லதே, ஆயினும் வர்த்தக அதிகாரத்தின் பெயரால் அதனைச் செய்ய முடியாது என்பதே தீர்ப்பு.

பணத்தின் வழிக்கு எல்லை உண்டா? 1987இல் நீதிமன்றம் அதனையும் வகுத்தது. நிபந்தனை பொது நலத்துக்காக இருத்தல் வேண்டும். தெளிவாகச் சொல்லப்படுதல் வேண்டும். பணம் தரப்படும் நோக்கத்தோடு தொடர்புற்றிருத்தல் வேண்டும். உதவி என்ற பெயரில் பலவந்தமாக மாறலாகாது. இத்தனை இருந்தும், 2002இல் ஜனாதிபதி புஷ் ஒப்பமிட்ட சட்டம், மானியம் பெறும் மாநிலங்கள் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் பரீட்சை வைக்க வேண்டும், 2014ஆம் ஆண்டுக்குள் எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சி பெற வேண்டும் என்று விதித்தது. அரசியல் திட்டம் தராத செல்வாக்கைக் காசோலை தந்தது. பத்தில் ஒரு பங்கைக் கொடுத்தவர், பாடசாலையின் நேரசூசியையே மாற்றிவிட்டார். பின்னர், 2012இல் வைத்திய உதவி பற்றிய வழக்கொன்றில், மறுக்க இயலாதபடி மாநிலங்களை நெருக்கும் நிபந்தனை செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2015இல் காங்கிரசே பின்வாங்கி, பரீட்சைகளை வைத்துக்கொண்டு, பெறுபேறுகளைக் கொண்டு என்ன செய்வதென்ற பொறுப்பைப் பெரும்பாலும் மாநிலங்களிடம் திருப்பிக் கொடுத்தது.

2025 மார்ச்சில் ஜனாதிபதி டிரம்ப், மத்திய கல்வித் திணைக்களத்தை மூடுவதற்கு வேண்டிய நடவடிக்கைகளை எடுக்கும்படி கட்டளை பிறப்பித்தார். கல்வியை மாநிலங்களிடம் திருப்பிக் கொடுப்பதே நோக்கம் என்றார். பாடத்திட்டமோ முன்பும் மாநிலங்களிடமே இருந்தது. அப்படியானால் திருப்பிக் கொடுக்கப்படுவது எது? ஏழைப் பிள்ளையின் மானியமும், அங்கவீனமான பிள்ளையின் உரிமையும், பாகுபாட்டை விசாரிக்கும் அலுவலகமும் எவர் பொறுப்பில் நிற்கும்? அந்நாட்டு மக்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

அன்பர்களே! இவ்வரலாறு நமக்குக் கூறுவது யாது? சட்டப் புத்தகத்தில் எழுதிய வரம்பு மாத்திரம் பாடசாலையைக் காப்பதில்லை. திறைசேரி எவர் கையில் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வருவாய்க்கு வழியில்லாத அதிகாரம் நீர் இல்லாத வாய்க்காலை ஒக்கும். மற்றொன்று: வரம்பு கட்டப்படுவது மக்களைக் காப்பதற்கேயன்றி, தூரத்து எசமானை விலக்கி உள்ளூர் எசமானை அமர்த்துவதற்கன்று. தன் எல்லைக்குள் வாழும் சிறுபான்மைப் பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டு உரிமை பேசும் மாநிலம், தன் உரிமையின் வேரைத் தானே வெட்டிக் கொள்கிறது. இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்க்க, எவர் முகத்துக்கும் அஞ்சாத நீதிமன்றமும் உறங்காத மக்களும் வேண்டும்.

என்ன பாடம் என்பதை ஊரும் மாநிலமும் தீர்மானிக்கட்டும். எந்தப் பிள்ளையும் வாசலில் நிறுத்தப்படலாகாது என்பதை நாடு முழுவதும் சேர்ந்து காக்கட்டும். மத்தியின் கைக்கு எட்டாத இடத்தில் பாடசாலை இருக்கலாம். நீதியின் கைக்கு எட்டாத இடத்தில் ஒரு பாடசாலையும் இருத்தலாகாது.