பன்னிரு தூண் பாலமும் உயர்மட்டச் சாலையும்

(தில்லி நகர வளர்ச்சி குறித்துக் கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தில்லி நிஜாமுதீன் ரயில் நிலையத்திற்கு அருகே பழைய கற்பாலம் ஒன்று உள்ளது. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அரண்மனை அதிகாரி மிஹர் பானு ஆகா 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதைக் கட்டுவித்தார். 12 தூண்கள் இருப்பதால் பாராபுல்லா என்ற பெயர் வந்ததாகக் கூறுவர், வளைவுகள் 11தான். ஆக்ராவிலிருந்து தில்லிக்கு வந்த நெடுஞ்சாலை இப்பாலத்தின் மீதே சென்றது. அதன் கீழே ஓடிய நீர், தெற்கே ஆரவல்லிப் பாறைகளில் பிறந்து யமுனையில் கலந்தது. இன்று அது சாக்கடை. தில்லியின் நிலம் யாருக்காக மாற்றப்பட்டது என்பதை அறிய, அந்தச் சாக்கடையின் கரையே போதுமானது.

தில்லிக்கு இருப்புப்பாதை வந்த கதை 1857 எழுச்சியின் தோல்வியிலிருந்து தொடங்குகிறது. செங்கோட்டைக்குள் இருந்த மாளிகைகளில் பெரும்பகுதியையும், கோட்டையைச் சுற்றியிருந்த குடியிருப்புகளையும் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினர். இளவரசி ஜஹானாரா சாந்தினி சௌக்கில் கட்டிய பயணியர் சத்திரம் அழிக்கப்பட்டு, அவ்விடத்தில் நகர மண்டபம் எழுந்தது. 1860களில் யமுனையைக் கடந்த ரயில் பாதை சலீம்கர் கோட்டையை ஊடறுத்து நகருக்குள் நுழைந்தது. மீண்டும் ஒரு கிளர்ச்சி வெடித்தால் படைகளை விரைந்து கொண்டுவருவது அதன் நோக்கங்களுள் ஒன்று. வணிகர்களுக்கும் அது பயன்பட்டது என்பதை மறுக்க வேண்டியதில்லை.

1911 டிசம்பர் 12 அன்று தலைநகர் மாற்றத்தை ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தார். 1894ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் துணையுடன் ரைசினா, மால்ச்சா உள்ளிட்ட கிராமங்களின் நிலங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. இங்கு ஒரு செய்தி கவனிக்கத் தக்கது. அப்போதைய ஆக்ரா - தில்லி ரயில் பாதை, புதிய நகரின் பெரும் ஊர்வலப் பாதைக்குக் குறுக்கே இருந்தது. அந்த இருப்புப்பாதையையே பெயர்த்து யமுனையோரமாக மாற்றினர். புதிய பாதை 1924இல் திறக்கப்பட்டது. ஆள்வோர் விரும்பினால் ரயில் பாதையும் வளைந்துகொடுக்கும். உழவர்களின் கிராமங்களுக்காக எந்தக் கோடும் வளையவில்லை.

பிரிவினைக்குப் பிந்தைய வளர்ச்சி வேறு வகையானது. அதை இதனோடு சேர்த்துக் கண்டிப்பது நேர்மையாகாது. 1941இல் ஏறத்தாழ 9 லட்சமாக இருந்த தில்லியின் மக்கள்தொகை 1951இல் 17 லட்சத்தைக் கடந்தது. பழைய கோட்டையிலும் ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்திலும் அகதிகள் முகாமிட்டுக் கிடந்தனர். அவர்களுக்கு வீடு வேண்டும். அதற்கு வயல்கள் நகரமாயின. பழைய சின்னங்களுக்கு இடையே மக்கள் வாழ்வது குற்றமன்று. அவை எக்காலத்தும் மக்களிடையேதான் நின்றன.

சிக்கல் அதன்பின் முற்றியது. 1957இல் தில்லி வளர்ச்சி ஆணையம் அமைந்தது. 1962இல் முதல் பெருந்திட்டம் வந்தது. நிலத்தைத் திரட்டி வழங்கும் அதிகாரம் அரசின் கைக்கு வந்தும், நகரைக் கட்டியெழுப்பிய தொழிலாளிக்குப் போதிய வீடு கட்டப்படவில்லை. விளைவு, 2019இல் ஒன்றிய அரசு உரிமை வழங்க எடுத்துக்கொண்ட அங்கீகாரமற்ற குடியிருப்புகளின் எண்ணிக்கை மட்டுமே 1,731.

2004இல் யமுனை புஷ்தா கரையிலிருந்து பல்லாயிரம் குடும்பங்கள் அகற்றப்பட்டன. பலர் வடமேற்கு விளிம்பிலுள்ள பவானாவுக்கு அனுப்பப்பட்டனர். சில ஆண்டுகளுக்குள், அதே நதியின் மறுகரையில், காமன்வெல்த் விளையாட்டு வீரர்களுக்கான அடுக்குமாடிகள் எழுந்தன. போட்டி முடிந்ததும் அவை வசதி படைத்தோரின் இல்லங்களாயின. அந்த வீரர்களை நேரு விளையாட்டரங்கிற்கு நெரிசலின்றிக் கொண்டுசெல்வதற்காக, பாராபுல்லா ஓடையின் மேல் உயர்மட்டச் சாலை 2010இல் திறக்கப்பட்டது. அது அப்துர் ரஹீம் கான்-ஈ-கானானின் கல்லறைக்கு அருகே, பழைய பாலத்தின் பெயரையே சூடிக்கொண்டு செல்கிறது. பெயராவது மிஞ்சியதே என்று ஆறுதல் கொள்ளலாம்!

பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது என்பதை 2010ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் உறுதிசெய்தது. இந்த எல்லைக்குள்ளும் ஒன்றிய அரசின் பொதுப்பணிகளை அனுமதிக்க வழிசெய்யும் திருத்த மசோதாவை, 2018 ஜனவரியில் மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவை அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது. அந்த எல்லைக்குள் தன் வீட்டைச் செப்பனிட விரும்பும் ஏழைக்கு அனுமதிச் சீட்டு. நெடுஞ்சாலைக்கு விதிவிலக்கு என்பதே அதன் சாரம்.

அதே ஓடையின் கரையில், ஜங்புராவில், தமிழர்கள் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக வாழ்ந்த பகுதி மதராசி கேம்ப். சுற்றுப்புற வீடுகளில் சமையலும் துப்புரவும் செய்த பெண்களும் கூலித் தொழிலாளர்களும் அங்கிருந்தனர். மழைநீர் வடியாமல் ஓடை அடைபடுகிறது என்ற காரணத்தால் அக்குடியிருப்பை அகற்ற உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஜூன் 1 அன்று இயந்திரங்கள் வந்தன. ஓடையைத் தூர்வார வேண்டியது உண்மைதான். ஆனால் அதன்மேல் தூண்களை நிறுத்திய சாலையை எவரும் ஆக்கிரமிப்பு எனக் குறிப்பிடவில்லை.

இடிக்கப்பட்டவை ஏறத்தாழ 370 வீடுகள். அவற்றுள் பாதியளவு குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவை என முதலில் முடிவானது. அவ்வீடுகளும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், பவானாவுக்கு அப்பால், நரேலாவில் உள்ளன. அப்பெண்கள் வேலை செய்யும் வீடுகள் ஜங்புராவில் இருக்கின்றன. பிள்ளைகள் தமிழ் பயிலும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி லோதி எஸ்டேட்டில் இருக்கிறது. நரேலாவில் அத்தகைய பள்ளி இல்லை. காலை எட்டு மணி வேலைக்கு அங்கிருந்து எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்பதைப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் தாயிடம்தான் கேட்க வேண்டும்.