மெய்நிகர்த் தொழிற்பயிற்சியும் மாற்றுத்திறனாளிகளும்

தவறு செய்து, அதைத் திருத்திக்கொள்வதே தொழில் கற்கும் வழி. ஆயினும், சில தொழில்களில் முதல் தவறே கடைசித் தவறாகிவிடக்கூடும். உயர் அழுத்த மின்கம்பிகளில் பணியாற்றுவோர், சுரங்கத்தினுள் இறங்குவோர், விமானம் ஓட்டப் பழகுவோர் ஆகியோரின் நிலை இத்தகையது. இதனாலேயே, தரையில் இருந்தபடி விமானம் ஓட்டப் பழகும் பொறியை அமெரிக்காவில் எட்வின் லிங்க் 1929-ஆம் ஆண்டில் உருவாக்கினார். தலையில் மாட்டிக்கொண்டு, கணிப்பொறி வரைந்து காட்டும் உருவங்களைப் பார்க்கும் கருவியை ஐவன் சதர்லாண்டு 1968-இல் அமைத்துக் காட்டினார். இவ்விரு முயற்சிகளின் வழிவந்ததே, இன்று இந்தியத் தொழிற்சாலைகளிலும் பயிற்சி நிலையங்களிலும் நுழைந்துவரும் மெய்நிகர்ப் பயிற்சி.

இதன் பயனை வெல்டிங் தொழிலில் எளிதாகக் காணலாம். பட்டறையில் பழகும் ஒவ்வொரு மணி நேரமும் ராடும் இரும்புத் தகடும் மின்சாரமும் செலவாகின்றன. மெய்நிகர்க் கருவியிலோ ராடும் தகடும் செலவாவதில்லை, தீக்காயமும் இல்லை. கை எந்தக் கோணத்தில் சாய்ந்தது, எவ்வளவு வேகமாக நகர்ந்தது, ராடின் முனை தகட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நின்றது என்பனவற்றைக் கருவியே அளந்து பதிவுசெய்கிறது. மெய்யான தீப்பொறியின் வெப்பத்தையும் புகையையும் அது தருவதில்லையாதலால், பட்டறைக்கு அது ஒருபோதும் மாற்றாகாது. எனினும், பட்டறைக்குப் போகுமுன் கை பழகுவதற்கு அது நல்ல துணை என்பதில் ஐயமில்லை.

ஆனால், இக்கருவியை வடிவமைத்தோர் மனத்தில் ஒரு குறிப்பிட்ட உடலைக் கற்பித்துக்கொண்டே வடிவமைத்திருக்கின்றனர். இரு கண்களும் ஒருங்கே பார்க்கும், இரு காதுகளும் கேட்கும், இரு கைகளும் பிடிக்கும், கால்கள் நிற்கும், கழுத்து வேண்டிய பக்கமெல்லாம் திரும்பும், ஆங்கிலம் புரியும். இவற்றில் ஒன்று குறைந்தாலும், தொழிலுக்குத் தகுதியுள்ளவர் கருவிக்குத் தகுதியற்றவராகிறார். தொழில் அவரை விலக்கவில்லை. தொழிலைக் கற்பிக்க வந்த பொறி விலக்கிவிடுகிறது.

காது கேளாத பயிலுநர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பழைய பட்டறையில் பயிற்றுநர் அவருடைய தோளைத் தொட்டு, பற்றுவரிசை எங்கே கோணிற்று என்பதை விரலால் சுட்டிக்காட்டுவார். கண்ணால் கற்பவருக்கு அதுவே போதும். வெல்டிங்கில் தேர்ந்த காது கேளாதோர் உண்டு என்பது பயிற்றுநர்களுக்குத் தெரிந்ததே. அதே பயிலுநர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டதும் என்ன நிகழ்கிறது? அறிவுரை முழுவதும் குரலாக வருகிறது. பயிற்றுநரின் முகமும் கையும் மறைந்துவிடுகின்றன. அருகில் சைகை மொழிபெயர்ப்பாளர் நின்றாலும் அவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். உதவிக்கென்று வந்த கருவி, முன்பிருந்த உதவியையும் பறித்துக்கொள்கிறது. புதுமை என்ற பெயரில் வருபவையெல்லாம் முன்னேற்றமாகிவிடுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

குரலை எழுத்தாக்கிக் காட்டினால் தீர்ந்தது என்று எண்ணுவதும் சரியன்று. தொலைக்காட்சியில் எழுத்து திரையின் அடியில் நிற்கிறது. இங்கே திரைக்கு அடியும் இல்லை, ஓரமும் இல்லை. எழுத்தை ஓரிடத்தில் நிறுத்தினால், பயிலுநர் திரும்பியவுடன் அது பின்னால் போய்விடும். பார்வையோடு ஒட்டிவைத்தால், வேலையின் மீதே படர்ந்து மறைக்கும். பார்வையைச் சற்றுப் பின்தங்கித் தொடர்ந்து வருமாறும், ஒலி எத்திசையிலிருந்து வந்தது என்பதை ஓர் அம்புக்குறி காட்டுமாறும், அளவையும் இடத்தையும் பயிலுநரே மாற்றிக்கொள்ளுமாறும் அமைப்பதே பயன் தரும். காட்சிக்குள்ளேயே சைகை மொழிப் படத்தையும் சேர்க்கலாம். இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021-இல் வெளியிட்ட அகராதியின் மூன்றாம் பதிப்பில் 10,000 சொற்கள் இருக்கின்றன. தொழில்நுட்பச் சொற்களும் அதில் உண்டு. ஆகவே, அடிப்படை ஏதுமின்றித் தொடங்கவேண்டிய நிலை இல்லை.

சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் கண் மட்டம் தாழ்வானது. கருவி அவரை நிற்பவராகக் கருதினால், மேசையின் விளிம்பு மட்டுமே அவருக்குத் தெரியும். எட்டவேண்டிய பிடி எட்டாத உயரத்தில் இருக்கும். அமர்ந்தபடி பழகும் முறையையும், ஒரே கையால் இயக்கும் முறையையும் நிரலில் முதலிலேயே சேர்ப்பது பெரிய செயலன்று. ஒரு காது மட்டும் கேட்பவருக்கு இருபக்க ஒலியையும் ஒன்றாக்கித் தரும் வசதி அதனினும் எளிது.

பார்வையற்றோருக்கு இக்கருவியால் ஆவதென்ன என்ற கேள்வி எழலாம். 2018-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள், வெண்கோலைப் போல வீசிப் பார்க்கும் கைப்பிடி ஒன்றைச் சோதனைக்காகச் செய்தனர். காட்சியிலுள்ள சுவரில் கோல் முட்டினால், கைப்பிடி தடுத்து நிற்கும், அதிரும், ஒலியும் எழுப்பும். புதிய அலுவலகத்தின் வழிகளையும், தீ விபத்தின்போது வெளியேறும் பாதையையும், பணியில் சேருமுன்னரே பழகிக்கொள்ள இத்தகைய முறை வழிவகுக்கும்.

தலைசுற்றல் என்பதும் சிறிய செய்தியன்று. உடல் நகர்வதாகக் கண் கூறுகிறது. இல்லையென்று உட்காது மறுக்கிறது. இம்முரண்பாட்டினால் குமட்டல் உண்டாகிறது. பெண்களுக்கு இது கூடுதலாக ஏற்படுவதன் முதன்மைக் காரணம், இரு கண்மணிகளுக்கு இடையிலுள்ள தூரத்திற்குக் கருவியின் வில்லைகள் பொருந்தாமையே என்று 2020-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. பெண்களின் உடலில் குறை தேடியவர்களுக்கு, வில்லையைத் திருத்தினால் போதும் என்ற விடை கிடைத்தது. மூக்குக்கண்ணாடி, தலைப்பாகை, கொண்டை இவற்றின் மீது அந்தப் பட்டை உட்காருமா என்பதை, வாங்குமுன் மாட்டிப் பார்ப்பவர்கள் சிலரே.

இவையனைத்தினும் கவலைக்குரியது மதிப்பீடு. பழகுவதற்காக வந்த கருவி, நாளடைவில் தேர்வு நடத்தும் கருவியாக மாறக்கூடும். குரல் கட்டளை கேளாததால் நாற்பது நொடி தாமதித்தவருக்கு, கை நடுக்கமே தாமதத்தின் காரணமாயிருந்தவருக்கு, கருவி குறைந்த மதிப்பெண்ணைப் பதிவுசெய்யும். அந்த எண் சான்றிதழில் ஏறும். அவர் செய்த பற்றின் வலிமையை எவரும் சோதித்துப் பார்க்கமாட்டார். எனவே, அதே பாடத்தைச் சாதாரணக் கணிப்பொறித் திரையிலோ பட்டறை மேசையிலோ கற்றுத் தேறுவதற்கு வழி இருக்கவேண்டும். அவ்வழியில் தேறியவருக்குச் சான்றிதழில் எவ்வித வேறுபாடும் காட்டலாகாது.

இது இரக்கத்தின் பொருட்டுக் கோரப்படுவதன்று. 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். 2018-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உடைய மாற்றுத்திறனாளிகளில் உழைப்பாளர் தொகுதியில் இடம்பெற்றோர் 23.8 சதவீதமே. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பொதுவான தொழிற்பயிற்சித் திட்டங்கள் அனைத்திலும் அவர்களைச் சேர்க்குமாறு பணிக்கிறது. கணினி சார்ந்த பொருள்களும் சேவைகளும் அனைவருக்கும் எட்டவேண்டியதற்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 17802 இரு பகுதிகளாக 2021, 2022-ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. மெய்நிகர்க் காட்சிகளுக்கெனத் தனித் தேவைக் குறிப்பை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2021-இல் வெளியிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், 2017-ஆம் ஆண்டு விதிகளில் அணுகுதல் தரங்களை வெறும் பரிந்துரையாக நிறுத்திய 15-ஆம் விதி சட்டத்திற்கு முரணானது என்று தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு மத்திய அரசைப் பணித்தது.

செலவு அதிகமாகும் என்பது வழக்கமான மறுப்பு. மெய்நிகர்ப் பாடம் ஒன்றைத் தயாரிப்பதில் பெருஞ்செலவு முதல் பிரதிக்கே. பின்னர் வரும் ஆயிரம் பிரதிகளுக்கு ஆகும் செலவு அற்பம். அந்த முதல் பிரதியிலேயே எழுத்துரையும் அமர்முறையும் சேர்ந்துவிட்டால், கூடும் தொகையை எல்லா நிலையங்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. பாடம் முடிந்தபின் சேர்க்கவேண்டுமாயின், நிரலைப் பிரிக்கவேண்டும். மூல நிரல் விற்ற நிறுவனத்திடம் இருக்குமாதலால், அது சொன்ன விலையைக் கொடுக்கவேண்டும். பொதுப்பணத்தில் வாங்குவோர் இதனைத் தெரிந்தே வாங்குதல் நலம். மேலும், எழுத்துரையைப் படத்தோடு ஒட்டாமல் தனிக் கோப்பாகப் பெற்றுக்கொண்டால், அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் அதனை மாற்றிக்கொள்ள இயலும். காது நன்றாகக் கேட்டும் ஆங்கிலம் விளங்காத பயிலுநர்கள் நாடெங்கும் இருப்பதால், காது கேளாதோருக்கென்று செய்த செலவு அவர்களுக்கும் பயன்படும்.

ஆதலின், ஒப்பந்தப்புள்ளி கோரும் அறிவிப்பிலேயே இவ்வசதிகள் நிபந்தனைகளாக இடம்பெறவேண்டும். ஏற்புச் சோதனையைப் பொறியாளர் மட்டும் நடத்தினால் போதாது. காது கேளாத ஒருவர், சக்கர நாற்காலியில் வருபவர், பார்வை மங்கிய ஒருவர், ஒரு கையால் பணியாற்றுபவர் ஆகியோரை அழைத்து, ஒரு பாடத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை பிறர் துணையின்றி நடத்திப் பார்க்கச் சொல்லவேண்டும். அவர்கள் முடித்த பின்னரே இறுதித் தவணைத் தொகை வழங்கப்படவேண்டும்.