படகு கரை தொட்ட பிறகு

திண்டிவனத்தில் இன்று நீங்கள் வாங்கும் சங்கராவோ நெத்திலியோ மரக்காணம் பக்கத்து மீனவக் குப்பங்களிலிருந்து வந்திருக்கலாம். வலை வீசுவது பெரும்பாலும் ஆண்கள். படகு கரை தொட்டதும் வேலை பெண்கள் கைக்கு வந்துவிடும். ஏலத்தில் விலை கேட்பது, ஐஸ் போட்டு அன்னக்கூடையில் அடுக்குவது, வண்டி பிடித்துத் தெருத்தெருவாக விற்பது எல்லாம் அவர்கள்தான். மிஞ்சியதை உப்பிட்டுக் கருவாடாக்குவார்கள். உப்புக்கு மரக்காணம் உப்பளம் பக்கத்திலேயே இருக்கிறது. கையில் முதல் இல்லாதவர் வட்டிக்கு வாங்கித்தான் ஏலம் எடுக்க வேண்டும். மீன் விற்காத நாளிலும் அந்த வட்டி ஏறும்.

இத்தனை உழைப்புக்கும் மரியாதை குறைவு. 2021 டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டியை நாற்றம் என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். ஊழியர்கள் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த அம்மாள் நியாயம் கேட்டு உரக்கப் பேசியதால்தான் ஊருக்கே தெரிந்தது.

இந்தப் பெண்களுக்கு உதவ அரசின் சேமிப்பு நிவாரணத் திட்டம் ஒன்று உண்டு. மீனவப் பெண் சிறுகச் சிறுக 1,500 ரூபாய் கட்டினால், அரசு 3,000 சேர்த்து, மீன்பாடு குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாகத் தருகிறது. உங்களுக்குத் தெரிந்த மீன்கார அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். விவரம் மீன்வளத்துறை அலுவலகத்தில் கிடைக்கும்.